மாரிக்கு முன் சில சந்தேகங்கள்: பொதுச் சுகாதாரம் பற்றிய கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்து உறுப்பினர்களின் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகரான மூத்த உறுப்பினர் ஒருவர் பதிலளிக்கிறார்.

ஏறாவூரிலிருந்து: எங்கள் ஒழுங்கையில் பலருக்கு டெங்கு கண்ட பிறகுதான் பரிசோதகர் வந்தார். வந்தவரும் புகையடிக்காமல் வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். இது போதுமா, ஐயா?

பதில்: டெங்கு என்று சந்தேகம் எழுந்தவுடனேயே, இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், வைத்தியர் 544 ஆம் இலக்கப் படிவத்தில் அப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும், தனியார் வைத்தியர்களுக்கும் இக்கடமை உண்டு. அந்த அறிவித்தல் கிடைத்த பின்னரே பரிசோதகர் உங்கள் படலையைத் திறக்கிறார். காய்ச்சல்காரர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே படுத்துவிட்டால், அந்த நாட்களெல்லாம் நோய் பரவுவது எவருக்கும் தெரியாமலே போகும்.

புகை, பறந்து திரியும் நுளம்பை மட்டுமே கொல்லும். தண்ணீரிலுள்ள குடம்பிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஏறக்குறைய ஒரு கிழமையில் அவை புதிய நுளம்புகளாகிவிடும். முட்டைகளோ இன்னும் பொல்லாதவை: பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரமின்றியே பல மாதங்கள் உயிரோடிருந்து, மாரியின் முதல் மழையில் பொரிக்கும். நமது பகுதியில் தயிர் தீர்ந்ததும் வேலியோரம் எறியப்படும் மண்சட்டியை நான் முதலில் தேடுவேன். அதன் சொரசொரப்பான உட்புறம் முட்டையிட மிக வாய்ப்பானது. அதைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். தேவையில்லையெனில் உடைத்துப் புதைத்துவிடலாம். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டில் தேங்கும் நீரைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. ஆகவே, வளவைச் சுற்றிப் பார்த்தவர் செய்ததுதான் உண்மையான வேலை.

அதே உறுப்பினர்: பூட்டிக் கிடக்கும் வெறும் வளவுகளுக்கு என்ன செய்வது?

பதில்: 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் உரிமையாளரையே பொறுப்பாக்குகிறது. வழக்குகளால் ஊர் சுத்தமாகிவிடும் என்று நான் நம்புபவனல்லன். ஆயினும், ஆளில்லா வளவு விடயத்தில் அதைவிடப் பலன் தரும் வழியை நான் கண்டதில்லை. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள்.

சம்மாந்துறையிலிருந்து: வேளாண்மை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சலுக்கென்று கொடுக்கும் மாத்திரை அவசியமா?

பதில்: வயல் வட்டைக்குள் இறங்குபவருக்கு அவசியம். எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து, கால் வெடிப்பு வழியாகக் கிருமி உடலுக்குள் நுழைகிறது. சுகாதாரத் திணைக்களம் இலவசமாக வழங்கும் டொக்சிசைக்ளினைக் கிழமைக்கு ஒரு முறை 200 மில்லிகிராம் வீதம், சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீருடன் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் எடுக்கலாகாது. மாத்திரை எடுத்தவருக்கும் காய்ச்சல் வந்தால், வயலில் வேலை செய்ததை வைத்தியரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து: மலேரியாதான் ஒழிந்துவிட்டதே, பின் ஏன் வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் இரத்தம் எடுக்கிறார்கள்?

பதில்: உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார், 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் நோயைக் காவும் அனோபிலிஸ் நுளம்பு இன்னும் இங்கேயே இருக்கிறது; வெளிநாட்டிலிருந்து ஒருவர் கிருமியோடு வந்தால், அதன் மூலம் நோய் மீண்டும் பரவலாம், அதனால்தான் இரத்தம் எடுக்கிறார்கள். ஆபிரிக்க நாடுகளுக்குப் போகிறவர்கள் மலேரியாத் தடை இயக்கத்திடம் தடுப்பு மருந்தை இலவசமாகப் பெற்றுச் செல்லலாம்.

கல்லாற்றிலிருந்து: வெள்ளம் வடிந்ததும் கிணற்றை முழுவதும் இறைக்கலாமா?

பதில்: கடற்கரைப் பக்கத்தில் அவசரப்பட வேண்டாம். மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகவே நன்னீர் நிற்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இயந்திரத்தால் திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகளில் கீழிருந்த உவர்நீர் மேலேறியது. பரிசோதகரிடம் அளவு கேட்டுக் குளோரின் இடுவியுங்கள். அதுவரை கொதித்தாறிய நீரையே குடியுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: என் மகனின் முதுகில் வெளிறிய தழும்பொன்று இருக்கிறது, நோவோ சொறிவோ இல்லை. தொழுநோயாக இருந்தால் மாந்தீவுத் தொழுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்களோ?

பதில்: அந்தப் பயம் இனி வேண்டாம், அம்மா. தேமலாகவும் இருக்கலாம், ஆனால் அவ்விடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தோல் கிளினிக்கில் உடனே காட்ட வேண்டும். தொழுநோயென்றாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ இலவச மருந்துடன் வீட்டிலிருந்தே குணமாகலாம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே தொற்றும் தன்மை அற்றுப்போவதால், பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தடையில்லை. வீட்டிலுள்ள மற்றவர்களையும் பரிசோதிப்பார்கள்; அதை அவமானமாக எண்ணி எவரையும் மறைத்துவிடாதீர்கள்.