ஒரே வீடு, ஒரே ஃப்ளூ: யாருக்கு எவ்வளவு எதிர்ப்பாற்றல்?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு மாதக் கைக்குழந்தை, ஐந்து வயது மகன், முப்பதுகளில் இருக்கும் நானும் என் மனைவியும், 1953இல் பிறந்த என் தந்தை என ஐந்து பேர் இருக்கிறோம். மகனுக்கு ஏறத்தாழ ஆண்டுதோறும் ஃப்ளூ வருகிறது. தந்தையோ, “இத்தனை வருடத்தில் பார்க்காத காய்ச்சலா? எனக்கு எதிர்ப்புச் சக்தி போதுமான அளவு இருக்கிறது” என்று தடுப்பூசியை மறுக்கிறார். அவர் சொல்வது சரியா? தடுப்பூசியை வீட்டில் யாருக்கு முதலில் போட வேண்டும்?

பதில்: உங்கள் தந்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பி மீதிப் பாதியை அவர் கவனிக்காமல் விடுவதுதான் சிக்கல்.

ஃப்ளூவை உண்டாக்கும் இன்ஃபுளுயன்சா வைரஸின் மேற்பரப்பில் உள்ள எச் என்ற புரதத்தை அடையாளம் கண்டு அதைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகள்தாம் தொற்றைத் தடுப்பதில் முதன்மையானவை. ஆனால் அந்தப் புரதம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருப்பதால், சென்ற ஆண்டின் தொற்று இந்த ஆண்டுக்கு ஓரளவே துணை நிற்கும். அதே வேளையில், சிறு வயதில் முதன்முதலில் சந்தித்த வகையை உடல் ஆழமாக நினைவில் பதித்துக்கொள்கிறது. பிற்காலத்தில் அதற்கு நெருங்கிய வகை வரும்போது அந்தப் பழைய நினைவே முதலில் விழித்தெழுகிறது. ஆகவே ஃப்ளூவைப் பொறுத்தவரை ஒருவருக்கு என்ன வயது என்று கேட்பதோடு, அவர் எந்த ஆண்டில் பிறந்தார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்குத் தெளிவான சான்று 2009ஆம் ஆண்டின் பெருந்தொற்று. அப்போது பரவிய புதிய எச்1என்1 வைரஸ் (எச்1, என்1 என்பவை மேற்பரப்புப் புரதங்களின் வகையைக் குறிப்பவை), வழக்கத்துக்கு மாறாக முதியவர்களைவிடக் குழந்தைகளையும் இளைஞர்களையும் அதிகம் தொற்றியது. 1918 முதல் 1957 வரை பரவிய எச்1என்1 வகைகளைச் சிறு வயதிலேயே எதிர்கொண்டிருந்த பல முதியவர்களிடம், புதிய வைரஸையும் ஓரளவு தடுக்கக்கூடிய ஆன்டிபாடிகள் இருந்தன. அதேபோல், இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் 1977இல் எச்1என்1 மீண்டும் தோன்றியபோது, அதை முன்பு சந்தித்தே இராத, ஏறத்தாழ 25 வயதுக்குக் குறைந்தவர்களே பெரும்பாலும் நோயுற்றனர்.

உங்கள் தந்தை 1953இல் பிறந்தவர் என்பதால், அவரது முதல் ஃப்ளூ எச்1என்1 ஆகவோ, 1957இல் வந்த எச்2என்2 ஆகவோ இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். எச்3என்2 வகை உலகுக்கு வந்தது 1968இல். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. ஆகவே எச்1என்1 பரவும் ஆண்டில் அவரது பழைய அனுபவம் கைகொடுக்கலாம். எச்3என்2 மேலோங்கும் ஆண்டில் அதே அளவு பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. முதியவர்களிடையே மருத்துவமனைச் சேர்க்கையும் உயிரிழப்பும் பொதுவாக உயர்வது எச்3என்2 ஆண்டுகளில்தான்.

இனி அவர் கவனிக்காத மீதிப் பாதி. நினைவு எவ்வளவு வளமாக இருந்தாலும் அதைச் செயல்படுத்த வேண்டிய உடலும் மூப்படைகிறது. நோயெதிர்ப்பு செல்களான டி செல்கள் முதிர்ச்சி பெறும் தைமஸ் சுரப்பி இளமையிலேயே சுருங்கத் தொடங்கி விடுவதால், முதுமையில் புதிய வைரஸை எதிர்க்கும் புதிய செல்களின் வரத்து மிகவும் குறைந்துவிடும். காய்ச்சல் அதிகம் அடிக்காமல், சோர்வோ மனக்குழப்பமோ மட்டும் தெரிவதும் உண்டு என்பதால் நோயைக் கண்டறிவதே தாமதமாகலாம். பாதிப்பும் நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாள்களில் மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்காகிறது என்று கனடாவின் ஒன்டாரியோவில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. என் கருத்தில், உங்கள் தந்தையிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான்.

முதுமையில் தடுப்பூசிக்கு உடல் காட்டும் எதிர்வினையும் மங்கிவிடுகிறது என்பது உண்மையே. அதனால்தான் 65 வயதைக் கடந்தவர்களுக்கென்று, வழக்கமான 15 மைக்ரோகிராமுக்குப் பதிலாக ஒவ்வொரு வகைக்கும் 60 மைக்ரோகிராம் வைரஸ் புரதம் கொண்ட உயர் அளவு தடுப்பூசி உருவாக்கப்பட்டது. பெரிய ஒப்பீட்டு ஆய்வொன்றில் அது சாதாரண ஊசியைவிட ஏறத்தாழ 24 சதவீதம் கூடுதலாக ஃப்ளூவைத் தடுத்தது. அது கிடைக்காவிட்டால் சாதாரண ஊசியையே போட்டுக்கொள்ளலாம். உயர் அளவு ஊசிக்காகக் காத்திருந்து பருவத்தைத் தவறவிடுவதில் பயனில்லை.

உங்கள் மகனின் நிலை இதற்கு நேர்மாறானது: உடல் சுறுசுறுப்பாக இருக்கிறது, அனுபவம்தான் போதவில்லை. ஓர் ஆண்டில் பெரியவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கும், குழந்தைகளில் 20 முதல் 30 சதவீதத்தினருக்கும் இன்ஃபுளுயன்சா தொற்றுகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் நீண்ட காலமாகக் குறிப்பிட்டுவந்த மதிப்பீடு. பெரியவர்களைவிடக் குழந்தைகள் வைரஸை அதிக நாள்கள் பரப்புவதால், வீட்டுக்குள் நோய் நுழையும் வாசலும் பெரும்பாலும் அவர்கள்தாம். (ஆண்டுதோறும் அவனுக்கு வரும் எல்லாக் காய்ச்சலும் ஃப்ளூ அல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள், பரிசோதனை இல்லாமல் வேறு சுவாச வைரஸ்களிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம்.)

நான்கு மாதக் குழந்தைக்குச் சொந்த அனுபவம் எதுவும் இல்லை. கருவில் இருந்தபோது நச்சுக்கொடி வழியே தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடிகளே அதன் காப்பு. அவையும் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வரும். தாய் கர்ப்ப காலத்தில் தடுப்பூசி போட்டிருந்தால் இந்தக் காப்பு கூடுதலாக இருக்கும். ஆறு மாதம் நிறைவதற்கு முன் குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது என்பதால், சுற்றியுள்ள நீங்கள் நால்வரும் போட்டுக்கொள்வதே அதற்குப் பாதுகாப்பு. பாலூட்டும் தாய்க்கு இதில் தடை எதுவும் இல்லை.

வரிசையைக் கேட்டிருக்கிறீர்கள். ஆபத்தின் அடிப்படையில் தந்தைதான் முதலில் வர வேண்டும். ஆனால் நாள்கணக்கில் பார்த்தால் மகனுக்குத்தான் அவசரம். ஒன்பது வயதுக்குக் குறைந்த குழந்தை முதல்முறையாகத் தடுப்பூசி பெறும்போது, குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. காப்பு முழுமை பெற அதற்கு மேலும் இரண்டு வாரம் ஆகும். பருவம் தொடங்குவதற்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே அவனுக்குத் தொடங்கிவிட்டு, மற்றவர்கள் பருவத்துக்குச் சற்று முன்பாக ஒரே தவணையில் முடித்துக்கொள்ளலாம். இந்த ஆண்டில் ஒருமுறை ஃப்ளூ வந்து போயிருந்தாலும் ஊசியைத் தவிர்க்க வேண்டியதில்லை. வந்தது ஒரு வகைதான், தடுப்பூசியில் இருப்பதோ பொதுவாக எச்1என்1, எச்3என்2 என்ற இரண்டு ஏ வகைகளும் ஒரு பி வகையும். செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன ஊசி ஃப்ளூவை உண்டாக்காது. கை வலியும் ஓரிரு நாள் உடல் வலியும் வரலாம்.

இத்தனைக்குப் பிறகும் தந்தைக்கோ கைக்குழந்தைக்கோ அறிகுறி தோன்றினால், பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காமல் மருத்துவரை அணுகுங்கள். ஃப்ளூ வைரஸை எதிர்க்கும் ஒசெல்டாமிவிர் மருந்து அறிகுறி தோன்றிய முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதிகப் பயன் தரும். மருத்துவர் பரிந்துரைத்தால் கைக்குழந்தைக்கும் அதைக் கொடுக்கலாம். மூச்சு வாங்குதல், பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், முதியவரிடம் திடீர்க் குழப்பம் அல்லது நெஞ்சுவலி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மகனுக்குக் காய்ச்சலைத் தணிக்க ஆஸ்பிரினை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். ஃப்ளூவின்போது குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தால், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் அரிதாக ஏற்படக்கூடும்.