பேஜ் உங்களுடையது, ஆட் அக்கவுண்ட் யாருடையது?

கேள்வி: ஈரோட்டில் பருத்திப் புடவை விற்பனை செய்கிறேன். 2019-ல் நானே ஃபேஸ்புக் பேஜும் இன்ஸ்டாகிராம் கணக்கும் தொடங்கினேன். 2022-ல் கோவையில் உள்ள ஒரு ஏஜென்சியிடம் விளம்பர வேலையை ஒப்படைத்தேன். எழுத்து ஒப்பந்தம் இல்லை. கட்டணம், வேலை எல்லாம் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டதுதான். அவர்கள் தங்கள் பிசினஸ் போர்ட்ஃபோலியோவில் (பேஜ், விளம்பரக் கணக்கு போன்றவற்றை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் கணக்கு) என் பேஜைச் சேர்த்து, அதற்குள்ளேயே புதிதாக ஓர் ஆட் அக்கவுண்ட் (விளம்பரக் கணக்கு) திறந்து, என் கிரெடிட் கார்டை இணைத்தார்கள். வேறு ஏஜென்சிக்கு மாறப் போகிறேன் என்றதும் பேஜில் என் அட்மின் உரிமையை நீக்கிவிட்டார்கள். ஆட் அக்கவுண்டில் ரிப்போர்ட் பார்க்க மட்டும் முடிகிறது. பாக்கி 42,000 ரூபாயும் ‘டிரான்ஸ்ஃபர் சார்ஜ்’ 85,000 ரூபாயும் கட்டினால்தான் எல்லாவற்றையும் தருவோம் என்கிறார்கள். கார்டில் பணம் இன்னும் போகிறது. போலீஸுக்குப் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் அதற்கு முன் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. சில இன்றைக்கே.

ரிப்போர்ட் பார்க்கும் உரிமை எப்போது பறிபோகும் என்று சொல்ல முடியாது. எனவே முதலில் ஆட்ஸ் மேனேஜரில் கிடைக்கும் மிகப் பழைய மாதம் முதல் இன்று வரை மாதவாரியாக ரிப்போர்ட்டை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பில்லிங் பக்கம் திறந்தால் பணம் செலுத்திய பட்டியலையும் இன்வாய்ஸ்களையும் இறக்குங்கள். திறக்காவிட்டால் கார்டு ஸ்டேட்மெண்ட் போதும். ஆட் அக்கவுண்டின் ஆக்டிவிட்டி ஹிஸ்டரியில் யார், எந்தத் தேதியில் எதை மாற்றினார் என்று இருக்கும். அதையும் பேஜ் ஐடி, ஆட் அக்கவுண்ட் ஐடி, ஏஜென்சியின் பிசினஸ் ஐடி ஆகிய மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பேஜிலிருந்து நீக்கப்பட்டதாக வந்த மின்னஞ்சலோ நோட்டிஃபிகேஷனோ இருந்தால் அழிக்காதீர்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு நீக்கினார்கள் என்பதுதான் புகாரின் மையம்.

வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், முழுதாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பாரதிய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63(4)-ன்படி மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்யும்போது சான்றிதழ் தர வேண்டும். அதன் ‘அ’ பகுதியில் நீங்களும் ‘ஆ’ பகுதியில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஃபைலின் ஹேஷ் எண்ணும் (ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) அதில் வர வேண்டும். உரையாடல் உள்ள போனை விற்றுவிட்டு ஸ்கிரீன்ஷாட்டோடு வருபவர்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். வழக்கு முடியும் வரை அந்த போன் உங்களிடமே இருக்கட்டும்.

அடுத்தது கார்டு. வங்கிக்குப் போகுமுன் ஏஜென்சிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: “இந்தத் தேதி, இந்த மணி முதல் விளம்பரங்களை நிறுத்துங்கள், என் கார்டில் பணம் எடுக்க உங்களுக்கு இனி அதிகாரம் இல்லை.” முகவரின் (இங்கே ஏஜென்சியின்) அதிகாரத்தை ரத்துசெய்வது அவருக்குத் தெரியவந்த நேரத்திலிருந்துதான் செல்லும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம் 208-வது பிரிவு. அதனால் நேரம் தெரியும்படி எழுத்தில் அனுப்புவது அவசியம். இதற்கு முன் போன பணத்தை ‘அனுமதியில்லாத பரிவர்த்தனை’ என்று வங்கியிடம் சொல்ல முடியாது. கார்டைக் கொடுத்தது நீங்கள். இதற்குப் பிறகும் புதிதாக விளம்பரம் ஓட்டிப் பணம் எடுத்தால் நிலைமை வேறு. அப்படி ஒரு தொகை போனால் மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்க உங்கள் பொறுப்பு கூடும். மின்னஞ்சல் போனதும் அந்தக் கார்டின் இ-மேன்டேட்டை (தானாகப் பணம் எடுக்கத் தந்த அனுமதியை) வங்கி மூலம் ரத்து செய்யுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தானியங்கிக் கட்டண முறையில் மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனம்), விளம்பரம் ஓடிச் செலவான பிறகுதான் பணம் எடுக்கும். மின்னஞ்சல் அனுப்பிய மறுநாள் ஒரு தொகை போனால் அது முந்தைய நாட்களின் விளம்பரத்துக்கானதாக இருக்கலாம். அது நீங்கள் கட்ட வேண்டியதுதான். அதைக் கட்டாமல் கார்டை முடக்கினால் ஆட் அக்கவுண்டில் பாக்கி நிற்கும். பாக்கி நிற்கும் கணக்கோடு தொடர்புள்ள மற்றக் கணக்குகளிலும் விளம்பரம் தடைபடக்கூடும். நாளை நீங்கள் திறக்கப்போகும் புதுக் கணக்கும் அதில் அடக்கம்.

இனி, எது யாருடையது என்பது. ‘எல்லாவற்றையும் தா’ என்று ஒரே மூச்சில் கேட்டு நோட்டீஸ் அனுப்பினால், ‘எல்லாம் எங்கள் போர்ட்ஃபோலியோவில்தான் இருக்கிறது’ என்று ஒரே வரியில் பதில் வரும். ஒவ்வொன்றையும் பிரித்துக் கேட்க வேண்டும்.

பேஜ் உங்களுடையது. 2019-ல் தொடங்கியது நீங்கள், பெயர் உங்கள் கடையின் பெயர், ஜி.எஸ்.டி. பதிவிலும் அதே பெயர். ஏஜென்சி அதைத் தன் போர்ட்ஃபோலியோவில் சேர்த்தது நிர்வாக வசதிக்காக. அதனால் உரிமை மாறிவிடாது. பேஜை ஒரு போர்ட்ஃபோலியோவிலிருந்து எடுத்து இன்னொன்றில் சேர்க்க முடியும் என்பதால், ‘டெக்னிக்கலா முடியாது’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.

இன்ஸ்டாகிராம் கணக்கில் பதிவான மின்னஞ்சலும் போன் எண்ணும் இன்னும் உங்களுடையவையா என்று இதைப் படித்து முடித்ததும் பாருங்கள். உங்களுடையவை என்றால் பாஸ்வேர்டை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, தெரியாத டிவைஸ்களை வெளியேற்றிவிடுங்கள். உங்கள் கணக்கை நீங்கள் பாதுகாப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஆட் அக்கவுண்ட் அவர்கள் போர்ட்ஃபோலியோவிலேயே பிறந்தது. ஒரு போர்ட்ஃபோலியோவுக்குச் சொந்தமான ஆட் அக்கவுண்டை இன்னொன்றின் சொந்தமாக மாற்ற மெட்டாவில் சாதாரண வழி கிடையாது. பார்ட்னராக அணுகல் தரலாம், அவ்வளவுதான். என் திட்டமான கருத்து: இதற்காகச் சண்டை போடாதீர்கள். அவர்களுடைய வேறொரு வாடிக்கையாளர் விதியை மீறி, அதனால் போர்ட்ஃபோலியோவே முடங்கினால் உங்கள் கணக்கும் சேர்ந்து முடங்கும். உங்கள் பெயரில், உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணோடு சொந்த போர்ட்ஃபோலியோ திறந்து, அதில் புது ஆட் அக்கவுண்ட் தொடங்குங்கள். யாருக்கு விளம்பரம் காட்டினால் விற்கும் என்று பழைய கணக்கு கற்றுக்கொண்டது போய்விடும், முதல் சில வாரங்கள் செலவு கூடும். அதை நஷ்ட ஈட்டில் கேட்கலாம். (கூகுள் ஆட்ஸில் இந்தச் சிக்கல் குறைவு. கணக்கில் அட்மின் உரிமை உங்களிடம் இருந்தால், ஏஜென்சியின் மேனேஜர் அக்கவுண்டை (பல வாடிக்கையாளர் கணக்குகளை நிர்வகிக்கும் கணக்கு) நீங்களே துண்டித்துவிடலாம்.)

பிக்சலை, அதாவது இணையதளத்துக்கு வருபவர்கள் செய்வதை மெட்டாவுக்குத் தெரிவிக்கும் சிறு கோடை, பலர் மறந்துவிடுகிறார்கள். அது அவர்கள் போர்ட்ஃபோலியோவில் உருவாக்கப்பட்டிருந்தாலும் அதன் கோட் இருப்பது உங்கள் இணையதளத்தில். அதை எடுக்காத வரை, உங்கள் கடைக்கு வந்து புடவை பார்ப்பவர், கூடையில் போடுபவர், வாங்குபவர் பற்றிய தகவல் அவர்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இணையதளம் செய்து கொடுத்தவரிடம் சொல்லி நீக்கிவிட்டு, உங்கள் புது பிக்சலைப் போடுங்கள். டொமைன் சரிபார்ப்பையும் (இணையதள முகவரி உங்களுடையது என்று மெட்டாவிடம் உறுதிசெய்வது) உங்கள் போர்ட்ஃபோலியோவின் பெயரில் செய்யுங்கள்.

விளம்பரப் படங்களில் காப்புரிமைச் சட்டம் 1957-ன் 17-வது பிரிவு வருகிறது. பணம் கொடுத்து உங்களுக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும், மாற்றாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் நீங்கள். ஆனால் விளம்பர வாசகமும் கிராஃபிக் டிசைனும் அப்படியல்ல; வெளி ஏஜென்சி செய்தது என்றால் எழுத்தில் உரிமை மாற்றித் தராத வரை அவர்களுடையது. எனவே பழைய போஸ்டர்களை அப்படியே புது ஏஜென்சியிடம் கொடுத்து ஓட்டச் சொல்லாதீர்கள்.

இப்போது பணம். 85,000 ரூபாய்க்கு எந்த ஆதாரமும் இல்லை. முன்பே பேசாத ஒரு கட்டணத்தை, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க அவர்களுக்கு உரிமை கிடையாது. 42,000 வேறு விஷயம். ஒப்பந்தச் சட்டத்தின் 221-வது பிரிவு, தனக்கு வர வேண்டிய கமிஷனும் செலவும் கிடைக்கும் வரை தன்னை நியமித்தவரின் பொருளையும் ஆவணங்களையும் பிடித்து வைத்துக்கொள்ள முகவருக்கு உரிமை தருகிறது. பேஜ் அந்தப் ‘பொருளில்’ அடங்குமா என்பது வாதத்துக்குரியது. ஆனால் நீங்கள் பாக்கி வைத்திருக்கும் வரை எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது இதைத்தான். பில்லைச் சரிபாருங்கள். நியாயமான தொகை 42,000-ஓ 30,000-ஓ, அதை வங்கி வழியாக, “ஆட்சேபணையுடன், நிலுவைக் கட்டணத்துக்கு முழுத் தீர்வாக” என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டுச் செலுத்துங்கள். அந்த ஆயுதம் அவர்கள் கையிலிருந்து போய்விடும். பணமாகக் கையில் கொடுக்காதீர்கள்.

அதே சட்டத்தின் 213-வது பிரிவில் உங்களுக்கும் ஓர் ஆயுதம் இருக்கிறது: கேட்டவுடன் முகவர் சரியான கணக்குக் காட்ட வேண்டும். ஆட் அக்கவுண்டில் யாருடைய ஜி.எஸ்.டி. எண் போட்டிருந்தது என்று கேளுங்கள். அவர்களுடையது என்றால் மெட்டாவின் வரி இன்வாய்ஸ் அவர்கள் பெயரில் போயிருக்கும். உதாரணமாக மொத்த விளம்பரச் செலவு 6,00,000 என்றால் 18 சதவீத வரியோடு உங்கள் கார்டில் போனது 7,08,000. அந்த 1,08,000-க்கு உள்ளீட்டு வரிக் கழிவை (வாங்கியதில் கட்டிய வரியை, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) உங்களால் எடுக்க முடியாது; கழிவுக்கான உங்கள் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலில் அது வந்தே இருக்காது. அவர்கள் எடுத்திருந்தால் அது உங்கள் பணம். நோட்டீஸில் தொகையோடு கேளுங்கள். சமரசப் பேச்சில் இந்த ஒரு பத்திக்குப் பெரிய மதிப்பு உண்டு.

வக்கீல் நோட்டீஸுக்கு ஏழு நாள் கெடு கொடுத்தால் போதும். அதே நாட்களில் மெட்டாவின் பேஜ் அட்மின் தகராறு வழியில் அடையாள அட்டை, ஜி.எஸ்.டி. சான்றிதழ், கையெழுத்திட்ட உறுதிமொழி ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள். பதில் வராவிட்டால் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நியமிக்கப்பட்ட குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

போலீஸ் புகாரில் எப்படி எழுதுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். ‘ஏஜென்சி ஏமாற்றிவிட்டது’ என்று எழுதினால் ‘இது சிவில்’ என்று திருப்பி அனுப்புவார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43(எஃப்), அணுக உரிமையுள்ள ஒருவருக்கு அணுகலை மறுப்பதைப் பற்றியது. அதை நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘நீங்கள்தானே அட்மின் உரிமை கொடுத்தீர்கள்’ என்று அவர்கள் சொல்வார்கள். கொடுத்தது விளம்பரம் ஓட்ட. உரிமையாளரையே நீக்க அல்ல. இந்த வாக்கியமும், நீக்கிய நாளும் நேரமும், அதன் பிறகு 85,000 கேட்ட செய்தியும் புகாரின் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். பணம் தராவிட்டால் பேஜையே அழித்துவிடுவோம் என்ற மிரட்டல் எழுத்தில் இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 308-ன் கீழ் பணப்பறிப்பையும் சேர்க்கலாம். இல்லையென்றால் அந்தப் பிரிவை இழுக்காதீர்கள், புகார் பலவீனமாகும். ஈரோடு மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்குங்கள். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.

போலீஸ் வழக்கால் பேஜ் தானாகக் கைக்கு வராது. அதற்குச் சிவில் நீதிமன்றத்தில் கட்டாய உறுத்துக்கட்டளை (பேஜைத் திருப்பித் தரச் சொல்லும் உத்தரவு) கேட்க வேண்டும். பணம் போனதும் வியாபாரம் பாதித்ததும் ஈரோட்டில் என்பதால் இங்கேயே வழக்குப் போட இடமுண்டு. மதிப்பு மூன்று லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி முதலில் சமரசத்துக்கு விண்ணப்பிப்பது கட்டாயம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படும் வழக்குக்கு மட்டும் விலக்கு. உங்களுக்கு அவசரம் இருக்கிறது: தீபாவளி, பொங்கல் விற்பனை அந்தப் பேஜை நம்பித்தான். முந்தைய ஆண்டுகளின் பண்டிகை மாத ஆர்டர் கணக்கை மனுவோடு இணையுங்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவின் கீழான நஷ்ட ஈட்டை மட்டும் சிவில் நீதிமன்றத்தில் கேட்க முடியாது. ஐந்து கோடி வரையிலான கோரிக்கையை விசாரிப்பவர் மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். தீர்ப்பளிக்கும் அதிகாரி என்று அவருக்குப் பெயர். 2010-ல் ஃபிஷிங்கில் பணம் இழந்த ஒருவருக்குத் தனியார் வங்கி 12.85 லட்சம் தர வேண்டும் என்று உத்தரவிட்டது தமிழ்நாட்டின் இந்த அதிகாரிதான். நுகர்வோர் ஆணையம் உங்கள் விஷயத்தில் சந்தேகம். வணிக நோக்கத்துக்கான சேவை என்று தள்ளிவிடுவார்கள்.

பெரும்பாலும் நோட்டீஸ் கட்டத்திலேயே சமரசத்துக்கு வருவார்கள். வந்தால், ‘முதலில் புகாரை வாபஸ் வாங்குங்கள்’ என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பேஜ் உங்கள் போர்ட்ஃபோலியோவில் முழுக் கட்டுப்பாட்டோடு தெரிய வேண்டும், ஏஜென்சியின் ஆட்களும் பார்ட்னர் இணைப்பும் அட்மின் பட்டியலிலிருந்து நீங்கியிருக்க வேண்டும், பழைய ஆட் அக்கவுண்டில் உங்கள் கார்டு இருக்கக் கூடாது, கஸ்டம் ஆடியன்ஸ் பட்டியலையும் (உங்கள் வாடிக்கையாளர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டத் தொகுத்த பட்டியல்) வாடிக்கையாளர் போன் எண்களையும் அழித்துவிட்டதாக எழுதித் தர வேண்டும். இந்த நான்கையும் உங்கள் போனிலேயே திறந்து பார்த்த பிறகு சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.