நம்மூர்ப் பறவைகளின் முக்கியக் குடும்பங்கள் எவை? எப்படி அடையாளம் காண்பது?

முதல் பாடம்: பெயரை நம்பாதீர்கள். நம்பியதால் நான் இரண்டு வருடம் குழம்பினேன்.

பனங்காடையை எடுத்துக்கொள்ளுங்கள். அது காடையே இல்லை. மீன்கொத்தியும், தேனீ பிடித்துத் தின்னும் பஞ்சுருட்டானும்தான் அதற்குச் சொந்தம். கம்பியில் உட்கார்ந்திருக்கையில் சாதாரணப் பழுப்புப் பறவை. பறந்தால் இறக்கையில் அப்படியொரு நீலம். இந்த மூன்றுமே புல், குச்சி அடுக்கிக் கூடு கட்டுவதில்லை. பனங்காடைக்கு மரப்பொந்து, மற்ற இரண்டுக்கும் மண்கரையில் குடைந்த வளை.

அப்புறம் செம்போத்து. வேலியோரம் தத்தித் தத்திப் போகும்போது செம்பழுப்பு இறக்கை ஒட்டவைத்த காக்கை மாதிரியே இருக்கும். எங்கள் தாத்தா அதைக் காக்கை இனம் என்றே சொல்லிவந்தார். ஆனால் அது குயில் குடும்பம். சந்தேகமிருந்தால் காலைப் பாருங்கள்: இரண்டு விரல் முன்னால், இரண்டு பின்னால். காக்கைக்கு மூன்று முன்னால், ஒன்று பின்னால். (கிளிக்கும் மரங்கொத்திக்கும் கூட இரண்டுக்கு இரண்டுதான். அதனால் காலை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.) குயில் குடும்பம் என்றாலே அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் என்பதும் பாதிதான் உண்மை. குயில் காக்கைக் கூட்டைத் தேடும், அக்காக்குயில் தவிட்டுக்குருவியின் கூட்டைத் தேடும். செம்போத்தோ தானே கூடு கட்டித் தன் குஞ்சைத் தானே வளர்க்கும்.

ஏமாறும் அந்தத் தவிட்டுக்குருவி சிலம்பன் குடும்பம். எப்போதும் கூட்டமாகத் தரையில் சருகைக் கிளறிக்கொண்டு, ஓயாமல் சண்டைபோடுவது போலக் கத்திக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு ஜோடியின் குஞ்சுகளுக்குக் கூட்டத்தில் உள்ள மற்றவையும் இரை ஊட்டும்.

நான் அதிகம் தடுமாறியது கொக்கிலும் நாரையிலும்தான். ஒரு ஜனவரியில் வேடந்தாங்கல் போனபோது பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரே வரியில் தீர்த்துவைத்தார்: "தம்பி, பறக்கும்போது கழுத்தைப் பாருங்க." கொக்கு கழுத்தை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டு பறக்கும். நாரை நீட்டிக்கொண்டு பறக்கும். இதில் ஒரு கொடுமை, சாம்பல் நாரை, செந்நாரை என்று நாம் பெயர் வைத்திருக்கும் இரண்டும் கழுத்தை மடிப்பவை, அதாவது கொக்குக் குடும்பம். நிஜ நாரை பார்க்க வேண்டுமென்றால் நத்தைகுத்தி நாரையைப் பாருங்கள். அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும்.

மரங்கொத்தியில் குழப்பமே இல்லை. விறைத்த வாலை மூன்றாவது கால் போல ஊன்றிக்கொண்டு மரத்தில் செங்குத்தாக ஏறும் பறவை வேறெது?

தகைவிலானும் உழவாரனும் மட்டும் இன்றும் ஒரு நொடி யோசிக்க வைக்கும். இரண்டும் காற்றிலேயே பூச்சி பிடிப்பதால் ஒரே வடிவம், ஆனால் வெவ்வேறு குடும்பம். கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் தகைவிலான். உழவாரனின் கால் பற்றித் தொங்கத்தான் ஆகும், கம்பியில் உட்கார ஆகாது. பனை உழவாரன் பனையோலையின் அடியில் எச்சிலால் இறகுகளை ஒட்டிக் கூடு செய்யும்.

கடைசியாக, "எங்கள் செம்பருத்திச் செடிக்கு ஹம்மிங் பேர்ட் வருகிறது" என்று மாதம் ஒருவராவது எனக்குப் படம் அனுப்புகிறார்கள். அது தேன்சிட்டு. ஹம்மிங் பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. அதற்கு இங்கே உள்ள நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? தேன்சிட்டு இல்லை, அந்தப் பனை உழவாரன்தான்.