காலிக் குடம்

அன்புள்ள ஐயா,

காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. ஓசூரில் ஷிப்ட் வேலை, சனிக்கிழமை இரவு பஸ் பிடித்து ஊருக்கு வருவேன். நல்ல சினிமா என்று ஒன்று இருப்பதே உங்கள் கட்டுரைகளைப் படித்துத்தான் தெரிந்தது. நீங்களும் இன்னும் பலரும் கொண்டாடிய ஒரு தமிழ்ப் படம் சில மாதங்களுக்கு முன் தர்மபுரியில் வந்தது. (பெயர் வேண்டாம், அந்த இயக்குநர் மேல் மரியாதை உண்டு.) அப்பாவையும் இரண்டு நண்பர்களையும் அழைத்துக்கொண்டு மதியக் காட்சிக்குப் போனேன். எங்களையும் சேர்த்துத் தியேட்டரில் பதினோரு பேர். இடைவேளைக்குப் பிறகு ஏழு பேர். நண்பர்கள் செல்போனை எடுத்துவிட்டார்கள். அப்பா முக்கால் மணி நேரம் பார்த்தார். நாயகி மலையடிவாரத்திலிருந்து தண்ணீர் சுமந்து வரும் நீளமான காட்சி, நீங்கள்கூட அதற்குத் தனியாக ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள், அது முடிந்ததும் தூங்கிவிட்டார்.

வெளியே டீ குடிக்கும்போது, "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு தூக்கினு வந்தது காலிக் கொடம்டா" என்றார். நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

இதே அப்பா சித்திரையில் பாரதக் கூத்து என்றால் விடிய விடியக் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பார். பொறுமை இல்லாதவர் என்று சொல்ல முடியாது. அப்படியானால் ரசனை படிப்பால் வருவதா? விமர்சகர்கள் கொண்டாடுவது மக்களுக்கு ஏன் பிடிப்பதில்லை? மக்கள் கொண்டாடுவதை நீங்கள் ஏன் தொடுவதே இல்லை? யாரோ ஒருவர் பக்கம் தவறு இருக்கத்தானே வேண்டும்?

இப்படிக்கு,
உங்கள் வாசகன் (பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே அந்தப் படத்தை ஓடிடியில் போட்டு அந்தக் காட்சியை மட்டும் மூன்று முறை பார்த்தேன். அப்பா சொன்னது சரி. குடம் காலி.

நிறைகுடம் இடுப்பில் ஏறினால் உடம்பு எதிர்ப்பக்கம் சாயும். அந்தப் பக்கத்துக் கை தானாக விலகி நிற்கும். மேட்டில் அடி குறுகும், கழுத்து நரம்பு தெரியும். தளும்பாமலிருக்கத் தண்ணீரின் மேல் ஒரு கொத்து இலை போட்டுக்கொள்வார்கள், அப்படியும் புடவையின் ஒரு பக்கம் நனைந்துதான் வீடு வந்து சேரும். அந்த நடிகை நிமிர்ந்து நடக்கிறார். முந்தானை மொடமொடவென்று இருக்கிறது. நான் அந்தக் காட்சியின் வெளிச்சத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன், மௌனத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன், வெட்டில்லாமல் இத்தனை நிமிடம் நீள்வதன் துணிச்சலைப் பற்றி எழுதியிருக்கிறேன். குடத்தைப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் நான் பென்னாகரம் பக்கத்துக்காரன். போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு ஏறிப் பல்லெல்லாம் பழுப்பாகிப்போன ஊர்கள் எங்களுடையவை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கிவைக்கும்வரை, வாயில் வைக்கிற மாதிரி தண்ணீருக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று பார்த்து வளர்ந்தவன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பேனா கையில் இருந்ததால் கண் வேறெங்கோ போய்விட்டது.

உங்கள் நண்பர்கள் சிரித்தார்கள் என்பதால் நீங்கள் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டீர்கள். அந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எல்லா விமர்சனங்களிலும், என்னுடையதையும் சேர்த்துத்தான், இதற்கு இணையாக ஒரு வரி இல்லை. முக்கால் மணி நேரம் அவர் விழித்திருந்திருக்கிறார் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தன் வீட்டுக் கதை என்று நம்பித்தான் உட்கார்ந்திருந்தார். குடத்தைப் பார்த்ததும் நம்பிக்கை போயிற்று. பிறகு ஏன் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்?

அப்புறம், அவர் கூத்தில் விடிய விடியக் கண் கொட்டாமல் இருப்பார் என்பதை நான் நம்பவில்லை. நானும் அந்தக் களங்களில் உட்கார்ந்தவன்தான். அறுவடை முடிந்த நிலத்தில் பாய் விரித்து, வறுத்த கடலைப் பொட்டலத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். பகலில் திரௌபதி அம்மன் கோயில் முன்னால் பாரதம் படித்துப் பொருள் சொல்லி முடித்திருப்பார்கள். அன்றிரவு என்ன நடக்கப்போகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கர்ணன் சாகப்போகிறான் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவன் மனைவி பொன்னுருவியிடம் எப்படி விடைபெறுகிறான் என்பதற்காகத்தான் அத்தனை கூட்டம். இரண்டு பேர் திரையைப் பிடிக்க, அதன் பின்னாலிருந்து கர்ணன் பாடிக்கொண்டே வருவான். பாட்டு எடுத்த மாத்திரத்தில் பக்கத்துப் பாய்க் கிழவர், "சுதி ஏறலியே" என்பார். அவ்வளவுதான். யாரும் கத்துவதில்லை, கல்லெறிவதில்லை. போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு படுத்துவிடுவார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே களத்தில் பாதி தலைகள் மறைந்துவிடும். மூன்று மணிக்கு நல்ல ஆட்டக்காரர் ஒருவர் இறங்கி ஒரு விருத்தம் எடுத்தால் போர்வைகள் ஒவ்வொன்றாக விலகும். ஒருவர் எழுந்து போய் நூறு ரூபாய்த் தாளை ஆட்டக்காரரின் உடையில் குத்துவார், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லி வாழ்த்துவான். இதைவிடக் கறாரான மதிப்பெண் முறையை நான் எந்தப் பத்திரிகையிலும் பார்த்ததில்லை.

எனவே உங்கள் அப்பா தியேட்டரில் செய்தது அவருக்குப் பழக்கமானதுதான். சோர்வான இடத்தில் தூங்கினார். நல்ல இடம் வந்தால் எழுப்புவார்கள் என்று நினைத்திருப்பார். யாரும் எழுப்பவில்லை.

ரசனை படிப்பால் வருவதா என்று கேட்டிருக்கிறீர்கள். 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். வக்கீல், பின்னால் நீதிபதி. படித்தவர்களும் மேடையேறலாம் என்று ஆக்கியது அவருடைய பெரிய சாதனை என்கிறோம். அது சாதனையாக வேண்டியிருந்ததே, வேஷம் கட்டுவது இழிவு என்று படித்தவர்கள் நினைத்திருந்ததால்தான். கூத்தாடி என்பது அன்றைக்கு வசைச் சொல், பல வாய்களில் இன்றைக்கும்தான். பிறகு காலம் திரும்பியது. 1977-இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கினார், பரம்பரைக் கூத்துக் கலைஞர்களான புரிசைத் தம்பிரான்கள் டெல்லிக்கும் வெளிநாடுகளுக்கும் போனார்கள், பல்கலைக்கழகங்களில் ஆய்வேடுகள் குவிந்தன. இவ்வளவும் நடந்த காலத்தில் உங்கள் தாத்தாவும் அப்பாவும் அதே களத்தில் அதே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். இடம் மாறி உட்கார்ந்தது படித்தவர்கள்தான்.

இதைச் சொல்லிவிட்டு மக்கள் ரசனையே மகேசன் ரசனை என்று முடித்தால் கைதட்டல் கிடைக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1954-இல் ஏவி.எம். எடுத்து எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சிவாஜி ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார். பத்திரிகைகள் பாராட்டின. ஜனங்கள் கைவிட்டார்கள். அங்கே குடம் நிறைந்துதான் இருந்தது, கொள்வதற்கு ஆளில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. ஓசூரிலிருந்து பெங்களூரைத் தாண்டிப் போனால் வரும் ராமநகரப் பாறைகளில் எடுத்த ‘ஷோலே’ 1975-இல் வந்தபோது விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஃபிலிம்ஃபேர் விருதுகளில் அதற்குக் கிடைத்தது படத்தொகுப்புக்கான ஒன்றே ஒன்று. பம்பாய் மினர்வா தியேட்டரில் அது ஐந்து வருஷம் ஓடியது. காலம் தீர்ப்பு சொல்லும் என்று ஆறுதலுக்குச் சொல்வார்கள். அதுவும் பாதிப் பொய். விமர்சகர் பாராட்டி, ஜனங்களும் பார்க்காமல், காலமும் கண்டுகொள்ளாமல் போன படங்கள்தான் அதிகம், அவற்றை உதாரணம் காட்ட ஆளில்லை என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

எங்களுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு கணக்கு. வாரத்துக்கு நாலைந்து படம் பார்க்கிறேன். ஒரே மாதிரி அறிமுகப் பாட்டு, ஒரே மாதிரி கோடவுன் சண்டை. நாக்கு மரத்துப்போன நேரத்தில் ஒருவர் கேமராவைக் கொஞ்ச நேரம் ஆட்டாமல் வைத்தாலே கண்ணில் நீர் வந்துவிடுகிறது. தினமும் கல்யாண வீட்டில் சாப்பிடுகிறவனுக்குக் களியும் கடைந்த கீரையும் அமிர்தமாகத் தெரிகிற மாதிரி. உங்கள் அப்பா வருஷத்துக்கு இரண்டு படம் பார்ப்பாரா? அவருக்கு அது விருந்துநாள். பஸ், டிக்கெட், இடைவேளைப் பாப்கார்ன் என்று ஒரு நாள் கூலி போகிறது. அங்கேயும் களியைப் பரிமாறினால், "இதைத்தானே வூட்ல துன்றேன்" என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அந்தக் களியும் வேகாமல் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் ஆட்களிடம் எனக்கு இருக்கும் பெரிய குறை வேறு. கதை ஏழைகளைப் பற்றியது என்றாலே பாதி மதிப்பெண் போட்டுவிடுகிறோம். மீதிப் பாதியைக் குடத்தைப் பார்க்காமல் போடுகிறோம்.

மக்கள் கொண்டாடுவதை ஏன் தொடுவதில்லை என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: பயம். சில வருஷங்களுக்கு முன் கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்கு வீடியோ கோச்சில் போனேன். ஊரே சிரித்த, நாங்கள் யாரும் ஒரு வரி எழுதாத ஒரு நகைச்சுவைப் படம். ஆம்பூர் தாண்டும்வரை வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த நடிகர் ஒரு வசனத்துக்கு முன்னால் அரை நொடி நிறுத்துகிறார், அந்த அரை நொடியைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதலாம். எழுதவில்லை. அந்த வாரம் யாருக்கும் புரியாத ஓர் ஐரோப்பியப் படத்தைப் பற்றி எழுதினேன். எனக்கும் முழுக்கப் புரியவில்லை என்பதை இப்போது சொல்லலாம்.

நண்பர்களின் செல்போனுக்கு மட்டும் என்னிடம் மன்னிப்பு இல்லை. அப்பாவின் தூக்கமும் அவர்களின் செல்போனும் ஒன்றில்லை. அவர் பார்த்துவிட்டுத் தூங்கினார்.

இந்த வருஷம் உங்கள் பக்கம் பாரதம் வைத்தால் தேதியைச் சொல்லுங்கள். கர்ணன் ஆடும் இரவுக்கு வருகிறேன். அப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு பாய் போட்டுவிடுங்கள், அவர் எந்த இடத்தில் போர்வையை இழுக்கிறார் என்று பார்க்க வேண்டும்.