இத்தாலியில் பத்து நாள்: எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம்? – கேள்வி பதில்

கோவை வாசகி: அக்கா, அக்டோபரில் பத்து நாள் இத்தாலி போறோம். ரோம், நேபிள்ஸ், ஃப்ளாரன்ஸ், வெனிஸ், மிலான் அஞ்சையும் பார்த்துடணும், நல்லா சாப்பிடவும் செய்யணும்னு வீட்டுக்காரர் சொல்றார். சரிவருமா?

ஐந்து ஊரும் பார்க்கலாம். நல்ல சாப்பாடுதான் கிடைக்காது. தினமும் பெட்டி கட்டி ரயில் ஏறினால், பசிக்கிற நேரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

இத்தாலி ஒரே நாடாக ஆனதே 1861-இல்தான். சமையல் இன்றைக்கும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. வடக்கே போலோன்யாவில் நேபிள்ஸ் பீட்சாவைத் தேடுவதும், தெற்கே நேபிள்ஸில் போலோன்யாவின் டாலியாடெல்லே பாஸ்தாவைக் கேட்பதும் வீண் வேலை. அதனால் இரண்டே இடங்களில் தங்குங்கள். போலோன்யாவில் ஐந்து இரவு, பிறகு வடமேற்கே பீட்மாண்ட் மாநிலத்தில் ஆல்பா ஊர்ப் பக்கம் நான்கு இரவு. போலோன்யா பெரிய ரயில் சந்திப்பு. மோடெனா அரை மணி நேரம், பார்மா ஒரு மணி நேரம். அதிவேக ரயிலில் ஃப்ளாரன்ஸ் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். காலையில் போய் இரவே திரும்பலாம். அக்டோபர் என்பதும் நல்ல தேர்வு. ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் மணமான காளான்) சந்தை நடக்கும் காலம் அது. மலைச்சரிவுகளில் நெபியோலோ என்ற ஒயின் திராட்சையின் அறுவடையும் அப்போதுதான். ரோமை இன்னொரு பயணத்துக்கு வையுங்கள்.

மதுரை வாசகர்: பார்மேசான் சீஸ் செய்வதை நேரில் பார்க்க முடியுமா மேடம்? டூர் கம்பெனி மூலமாகத்தான் போகணுமா?

தேவையில்லை. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோடெனா வட்டாரத்தில் பல சீஸ் பண்ணைகள் முன்பதிவு செய்தால் உள்ளே விடுகிறார்கள். ஆனால் காலையில் சீக்கிரமே போய்விட வேண்டும். மதியத்துக்குள் அன்றைய வேலை முடிந்துவிடும், பிறகு கழுவிவிட்ட தரையைத்தான் பார்க்கலாம்.

முதல் நாள் மாலைக் கறவையை இரவு முழுக்க வைத்து ஆடை எடுத்து, காலைப் பாலோடு சேர்த்துச் செப்புக் கொப்பரையில் ஊற்றுவார்கள். திரிந்து அடியில் சேரும் பெரிய உருண்டையைத் துணியில் தூக்கி இரண்டாக வெட்டி அச்சில் இடுவார்கள். அதன்பின் உப்புநீர்க் குளியல். பிறகு குறைந்தது 12 மாதம் மர அலமாரியில் இருக்கும். ஒரு சக்கரம் ஏறக்குறைய 40 கிலோ. அதற்கு 500 லிட்டருக்கு மேல் பால் வேண்டும். ஓராண்டு முடிந்ததும் பரிசோதகர் சின்னச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொல்வார். தேறியதற்குத்தான் சூட்டு முத்திரை. 12, 24, 36 மாதச் சீஸை அடுத்தடுத்துச் சுவைக்கக் கேளுங்கள். வயது ஏற ஏறப் பால்வாசனை குறைந்து, பல்லில் நறநறக்கும் வெள்ளைப் பொடிகள் கூடும்.

அன்று மாலையே மோடெனாவில் ஒரு பால்சாமிக் வினிகர் வீட்டையும் பாருங்கள். காய்ச்சிய திராட்சைச் சாற்றை வீட்டின் மேல்மாடியில் வரிசையாக வைத்த மரப்பீப்பாய்களில் ஊறவிடுகிறார்கள். ஒன்றைவிட ஒன்று சிறிது. கோடையின் வெக்கையும் குளிர்காலத்தின் குளிரும் சேர்ந்துதான் அதைக் கெட்டியாக்குகின்றன. ‘ட்ராடிஸியோனாலே’ என்று போட்டிருந்தால் குறைந்தது 12 வருடம் ஊறியது, ‘எக்ஸ்ட்ராவெக்கியோ’ என்றால் 25 வருடம். சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைப்பதில் ஒயின் வினிகர் கலந்திருக்கும். அது வேறு பொருள்.

சென்னை வாசகி: அம்மாவும் கூட வர்றாங்க. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பாஸ்தா இருக்கே, சமாளிச்சுடலாம்னு எல்லாரும் சொல்றாங்க...

அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போலோன்யா இருக்கும் எமிலியாவிலும் பீட்மாண்டிலும் கையால் செய்யும் பாஸ்தாவில் முட்டை உண்டு. டாலியாடெல்லே, டோர்டெல்லினி, தயாரின் எல்லாமே முட்டை மாவு. முட்டை இல்லாமல் வேண்டுமென்றால் ஸ்பகெட்டி, பென்னே மாதிரி உலர்ந்த பாஸ்தா கேளுங்கள். அது பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான்.

சீஸிலும் சிக்கல் இருக்கிறது. பார்மிஜானோ ரெஜ்ஜானோவை, அதாவது பார்மேசானை, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால்தான் உறைய வைக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. அம்மாவுக்கு அது ஆகாது என்றால் ‘சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ’ என்று சொல்லி சீஸைத் தவிர்த்துவிடுங்கள். ரிசொட்டோ சோற்றிலும் சூப்பிலும் இறைச்சி வேகவைத்த நீர் இருக்கலாம். பியதீனா ரொட்டியில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். பீட்மாண்டின் பான்யா கவுடா சாஸில் நெத்திலி, பன்னா கோட்டா இனிப்பில் ஜெலட்டின். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் இதெல்லாம் அவர்கள் கணக்கில் வராமல் போகலாம். வேண்டாதவற்றை இத்தாலியில் எழுதி ஒரு அட்டையில் வைத்துக்கொண்டு, ஆர்டர் செய்வதற்கு முன்பே காட்டுங்கள்.

அம்மாவுக்காகத்தான் இந்தப் பயணம் என்றால், நான் போலோன்யாவை விட்டுவிட்டுத் தெற்கே புலியாவுக்குப் போகச் சொல்வேன். அங்கே ஓரெக்கியெட்டே பாஸ்தாவை ரவையும் தண்ணீரும் வைத்தே தேய்க்கிறார்கள். மசித்த உலர் பீன்ஸோடு கசப்புக்கீரை சேர்த்த ‘ஃபாவே எ சிகோரியா’ அங்கே பழைய வீட்டுச் சமையல். ஆலிவ் எண்ணெயும் காய்கறியும் தாராளமாகப் புழங்கும் ஊர். வடக்கேதான் போவீர்கள் என்றால் வழியில் ஜெனோவாவில் ஃபரினாட்டா வாங்கிக் கொடுங்கள். கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு இவ்வளவுதான். விறகடுப்பில் சுட்ட கடலைமாவு அடை மாதிரி இருக்கும், அம்மாவுக்குப் பிடித்துப்போகும். எங்கே போனாலும் சமையலறை உள்ள வீடாக வாடகைக்கு எடுங்கள்.

பாரிஸ் வாசகர்: அக்கா, நாங்கள் பாரிஸில இருந்து காரில வாறம். பீட்மாண்டில பரோலோ பக்கம் ஒயின் பாக்கிற யோசனை. என்ன கவனிக்க வேணும்?

ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இத்தாலியில் இரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், லைசன்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகாதவருக்குச் சுழியம். ருசித்துவிட்டுத் துப்புவதற்கு எல்லா இடத்திலும் பாத்திரம் வைத்திருப்பார்கள். அதில் துப்புவதை யாரும் தவறாக நினைப்பதில்லை. பழைய நகரங்களுக்குள் ‘ஸெட் டி எல்’ என்ற வாகனத் தடைப் பகுதி உண்டு. கேமரா படம் எடுத்துவிடும், அபராதம் பாரிஸுக்கே வந்து சேரும். வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

ஒயின் வீடுகளுக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு போதும். பரோலோ ஒயின் விற்பனைக்கு வர குறைந்தது 38 மாதம் ஆக வேண்டும், பார்பரெஸ்கோ ஒயினுக்கு 26. இரண்டும் நெபியோலோவில் செய்தவை, துவர்ப்பு அதிகம். வெறும் வயிற்றில் ருசித்தால் நாக்கு இழுக்கும், சாப்பாட்டோடு குடித்தால்தான் அதன் அருமை தெரியும். டோல்செட்டோ, பார்பெரா ஒயின் இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். ஊர்க்காரர்கள் அன்றாடம் குடிப்பது அவைதான், விலையும் குறைவு. பல வீடுகளின் பரோலோவை ஒரே இடத்தில் ஒப்பிட வேண்டுமென்றால் பரோலோ கோட்டையில் இருக்கும் எனோதேகா என்ற ஒயின் கூடத்துக்குப் போகலாம்.

திருச்சி வாசகர்: நாங்க குடிக்கிறதே இல்லை. அப்போ பீட்மாண்ட் வீண்தானே?

இல்லவே இல்லை. அந்தத் திராட்சை மலைகள் 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. கிராமத்துக்குக் கிராமம் நடந்தே போகலாம். ஹேசல்நட் கேக், ஜாந்தூயா சாக்லேட், டூரினில் காபியும் சாக்லேட்டும் க்ரீமும் அடுக்கிய பிசெரின்... இனிப்புப் பிரியர்களுக்கு அதுவே போதும்.

சேலம் வாசகி: பில்லில் ‘கொபெர்த்தோ’னு ஒண்ணு வருதாமே, ஏமாத்து வேலையா?

இல்லை. ஆளுக்கு இவ்வளவு என்று மேசைக்கும் ரொட்டிக்கும் வாங்குவது, மெனுவிலேயே போட்டிருக்கும். டிப்ஸ் கட்டாயமில்லை. மதியம் இரண்டரைக்கு மேல் பல சமையலறைகள் மூடிவிடும்; இரவு ஏழரைக்கு முன் திறக்காது.

நெல்லை வாசகர்: விசா எப்போ போடணும்?

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு (இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குத் தள்ளாதீர்கள். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

கோவை வாசகி: கடைசியா ஒண்ணு அக்கா, திரும்பும்போது என்ன வாங்கிட்டு வரலாம்?

இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் மதுவரை சுங்கவரி கிடையாது. முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு தாராளமாக வரும். துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியின் நடுவில் வையுங்கள். நான் சொன்ன பழைய பால்சாமிக் 100 மில்லி குப்பியில்தான் வரும். ஒன்று போதும், விலை அதிகம். வீட்டில் வனிலா ஐஸ்கிரீம் மேல் நாலு சொட்டு விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.