பழைய லாரிக்கு ஃபீட் பம்பு மாட்டுவது: கேள்வி பதில்

டாடா 1210 போன்ற பழைய லாரிகளில் உள்ள 697 எஞ்சினில், மைக்கோ நிறுவனத்தின் எஃப்.ஐ. பம்பின் (டீசலை உயர் அழுத்தத்தில் சிலிண்டர்களுக்கு அனுப்பும் பம்பு) பக்கவாட்டில் மூன்று நட்டுகளோடு நிற்கும், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி ஃபில்டருக்கு அனுப்பும் ஃபீட் பம்பைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: புதிய பம்பை வைத்து நட்டை முடுக்கும்போது அது உட்காராமல் எதிர்த்து நிற்கிறது. பலமாக முடுக்கலாமா?

கூடாது. எஃப்.ஐ. பம்பின் கேம் ஷாஃப்டில் உள்ள எக்சென்ட்ரிக் மேடு (மையம் விலகிச் சுழலும் புடைப்பு), ஃபீட் பம்பின் ரோலருக்கு நேராக நிற்பதால்தான் இந்த எதிர்ப்பு வருகிறது. அந்த நிலையில் ஒரு பக்க நட்டை மட்டும் முடுக்கினால் பம்பு சாய்ந்து, அதன் காது (ஸ்டட் நுழையும் துளையுள்ள ஓரம்) உடையும், அல்லது ஸ்டட்டின் மரை போகும். எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றி, பம்பைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தால், மேடு விலகியதும் அது தானாக உள்ளே போய் உட்காரும். அதன் பிறகு மூன்று நட்டுகளையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

பழைய பேக்கிங் (இரண்டு முகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைப்பது) துணுக்கு ஒன்றுகூட முகத்தில் ஒட்டியிருக்கக் கூடாது. சுரண்டும்போது விழும் துகள் கேம் அறைக்குள் போகாதபடி சுத்தமான துணியை அடைத்துக்கொள்ளுங்கள். கசிவுக்குப் பயந்து இரண்டு பேக்கிங் போடுகிறவர்கள் உண்டு. பம்பு அந்தத் தடிமன் அளவுக்கு வெளியே தள்ளி நிற்பதால், பிளஞ்சரின் (பம்புக்குள் முன்னும் பின்னும் ஓடி டீசலைத் தள்ளும் உருளை) ஓட்டம் குறைந்து டீசல் வரத்தும் குறையும். அதே தடிமனில் ஒரே பேக்கிங்தான் போட வேண்டும்.

கேள்வி: ஃபீட் பம்பு புதிது, ஃபில்டரும் புதிது. ஆனாலும் இரவு நின்ற வண்டி காலையில் இருபது முறை கைப் பம்பு (ஃபீட் பம்பிலேயே உள்ள, கையால் டீசல் ஏற்றும் குமிழ்) அடித்தால்தான் எடுக்கிறது. பம்பு போலியா?

பம்பின் மேல் பழி போடுவதற்கு முன் டேங்கிலிருந்து பம்பு வரையிலான குழாயைப் பாருங்கள். இந்தத் தொழிலில் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை இதுதான்: பம்புக்குப் பின்னால், ஃபில்டர் பக்கம் கசிந்தால் டீசல் வெளியே சொட்டும், பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கம் கசிந்தால் ஒரு சொட்டும் வெளியே வராமல் காற்றுதான் உள்ளே போகும். எஞ்சின் ஓடும்போது அந்தக் காற்று குமிழியாக ஃபில்டருக்கு வரும். வண்டி நின்றபின் அதே ஓட்டை வழியாகக் காற்று நுழைய, குழாயில் இருக்கும் டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். உங்கள் காலை நேரத் தொல்லைக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

பம்பின் உள்வாயில் ஒரு முழம் கண்ணாடி போன்ற டீசல் ஹோஸைத் தற்காலிகமாக மாட்டி எஞ்சினை ஓட விடுங்கள். குமிழி தெரிந்தால், டேங்கை நோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே போங்கள். பாஞ்சோ போல்ட்டின் (குழாயை இணைக்கும், நடுவே டீசல் ஓடும் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர், வெடித்த ரப்பர் ஹோஸ், சேஸிஸில் உரசித் தேய்ந்த குழாய் ஆகிய மூன்றில்தான் பெரும்பாலும் கோளாறு அகப்படும். கைப் பம்பின் குமிழைக் கீழே அழுத்தித் திருகிப் பூட்டாமல் விட்டாலும் அந்த வழியாகக் காற்று போகும்.

கேள்வி: 692 எஞ்சினின் பம்பு 697க்குப் பொருந்துமா?

692 என்றால் 6 சிலிண்டர், 92 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 697 என்றால் 6 சிலிண்டர், 97 மி.மீ. போர். அந்த எண் எஞ்சினைச் சொல்லுமே தவிர ஃபீட் பம்பைச் சொல்லாது. பழைய பம்பின் உடலில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பழைய செம்பு வாஷரையே திரும்பப் போடலாமா?

புதிது போடுவதே நல்லது. வழியில் கிடைக்காவிட்டால், பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு இளகும். முகத்தைத் துடைத்துப் போடலாம்.

கேள்வி: ஃபீட் பம்பு போனால் கேபினுக்கு மேலே கேன் கட்டி, டியூபை நேராக ஃபில்டரில் கொடுத்து ஊர் வந்து சேர்கிறோம். இதற்குப் போய் ஏன் புதுப் பம்பு?

கேன் கட்டுவதை நானும் செய்வேன், ஆனால் சோதனைக்காக மட்டும். கேன் டீசலில் எஞ்சின் சீராக ஓடினால், எஃப்.ஐ. பம்பும் நாசிலும் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) நன்றாக இருக்கின்றன, கோளாறு ஃபீட் பம்பிலோ அதற்கு முந்திய குழாயிலோதான் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைவிட மலிவான சோதனை வேறில்லை.

அதே நண்பர் மீண்டும்: கேனிலிருந்து டீசல் தானாக இறங்குகிறதே, பிறகு என்ன குறை?

இறங்குவது வேறு, அழுத்தத்தோடு வருவது வேறு. ஃபீட் பம்பில் கேம் செய்வது பிளஞ்சரைப் பின்னுக்குத் தள்ளி ஸ்பிரிங்கை அமுக்குவது மட்டுமே. டீசலை ஃபில்டருக்குத் தள்ளுவது அந்த ஸ்பிரிங்தான். ஃபில்டர் பக்கம் அழுத்தம் ஏறினால் ஸ்பிரிங்கால் முழுதும் தள்ள முடியாது. பிளஞ்சரின் ஓட்டம் தானாகக் குறைந்து, அழுத்தம் ஏறக்குறைய 1 முதல் 2 பார் அளவில் நிற்கும். டீசலின் எடை தண்ணீரைவிடக் குறைவு. ஒரு மீட்டர் உயரத்தில் கட்டிய கேன் 0.1 பாரைக்கூடத் தராது. வெறும் வண்டிக்கு, மெல்லிய ஓட்டத்துக்கு அது போதும். பாரம் ஏற்றி மேட்டில் முழு ஆக்ஸிலரேட்டரில் போகும்போது எஃப்.ஐ. பம்பின் அறை நிரம்பாமல் இழுவை விழும்.

இன்னொருவர்: நான் இருநூறு கிலோமீட்டர் அப்படி வந்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி. ஆனால் அதை வழக்கமாக்க நான் ஒருபோதும் ஒப்ப மாட்டேன். மூடி சரியாக இல்லாத பிளாஸ்டிக் கேன் ஆட்டத்தில் கவிழ்ந்தாலோ, டியூப் கழன்றாலோ, டீசல் சூடான எக்ஸாஸ்டின் மேல் ஊற்றும். குழாய் அறுந்தாலும் எஞ்சின் நின்றதும் ஃபீட் பம்பு நின்றுவிடும். கேன் காலியாகும்வரை நிற்காது. கேபினில் தூங்குகிற கிளீனரை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: பம்பு மாற்றியும் காலையில் வண்டி எடுக்கவில்லை.

இரண்டாம் பதிலைப் படியுங்கள். இதே கேள்வியை மேலும் நால்வர் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே பதில்தான். கண்ணாடி ஹோஸ் மாட்டிப் பார்க்காமல் அடுத்த பம்பு வாங்காதீர்கள்.

கேள்வி: மைலேஜ் கூட எஃப்.ஐ. பம்பில் எந்த ஸ்குரூவைத் திருப்ப வேண்டும்?

எதையும் திருப்ப வேண்டாம். டெஸ்ட் பெஞ்ச் உள்ள டீசல் பம்பு கடையில் காலிபரேஷன் (பம்பு தரும் டீசல் அளவைச் சரிபார்த்துச் சீராக்குவது) பாருங்கள்.

கேள்வி: மாட்டியபின் ஏர் எடுக்கும் (டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) வரிசை என்ன?

முதலில் ஃபில்டரின் ஸ்குரூ, அடுத்து எஃப்.ஐ. பம்பின் ஸ்குரூ. ஒவ்வொன்றிலும் நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை கைப் பம்பு அடித்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே ஸ்குரூவை மூடுங்கள். அதற்கும் எடுக்காவிட்டால் மட்டும் நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டர் அடியுங்கள். அங்கே பீய்ச்சும் டீசலின் குறுக்கே விரலை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் அது தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அளவே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

கேள்வி: எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறுகிறது. இதற்கும் ஃபீட் பம்புக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, இன்று வந்த கேள்விகளில் உடனே கவனிக்க வேண்டியது உங்களுடையதுதான். ஃபீட் பம்பின் ஸ்பிண்டில் (ரோலரின் தள்ளலைப் பிளஞ்சருக்குக் கொண்டுபோகும் தண்டு) தேய்ந்தால் டீசல் கேம் அறைக்குள் இறங்கும். உங்கள் எஃப்.ஐ. பம்பு எஞ்சின் ஆயிலிலேயே ஓடும் வகையாக இருந்தால், அது நேராகச் சம்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) போய் ஆயிலை நீர்க்கச் செய்து பேரிங்குகளைத் தின்றுவிடும். டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை அடித்தால் வண்டியை நிறுத்துங்கள். ஃபீட் பம்பைக் கழற்றி, உள்வாய் ஹோஸை டீசலில் வைத்து, வெளிவாயை அடைத்துக் கைப் பம்பு அடியுங்கள். ஸ்பிண்டில் ஓரத்தில் டீசல் ஊறி வந்தால் பம்பை மாற்றுங்கள். ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகே எஞ்சினை ஓட்டுங்கள்.