எண்ணெய்க் கிணற்றுக் குழாய் எந்த வெளி அழுத்தத்தில் நசுங்கும் என்று எப்படிக் கணிக்கிறார்கள்?

வெளியே சூழ்ந்த திரவம் குழாயை எந்த அழுத்தத்தில் நசுக்குமோ, அதுதான் அதன் நசுங்கு வலிமை. முதலில் பார்ப்பது, விட்டத்தைச் சுவர்த் தடிமனால் வகுத்து வரும் எண். அது சிறியதென்றால் தடித்த குழாய். உலோகமே விட்டுக்கொடுத்தால்தான் நசுங்கும். பெரியதென்றால், உலோகம் தாங்கும்போதே வட்டம் குலைந்து மடங்கிவிடும். இந்த மெல்லிய குழாயில் தடிமன் பாதியானால் தாங்கும் அழுத்தம் ஏறத்தாழ 8-இல் 1 பங்காகிவிடும்!

காலி பிளாஸ்டிக் பாட்டிலில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சிப் பாருங்கள். ஒரு பக்கம் லேசாகத் தட்டையாகும், அப்புறம் அந்த இடமே சட்டென்று உள்ளே போகும். குழாயிலும் வட்டம் கொஞ்சம் கோணியிருந்தாலே வலிமை குறையும். கீழே தொங்கும் எடையின் இழுப்பும் பெரும்பாலும் குறைக்கும். அதனால் சூத்திரத்தோடு நிற்காமல் குழாயையும் அளப்பது அவசியம்.

உறுதியான எஃகு போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மெல்லிய குழாயில் அது உதவாது, அங்கே முடிவு செய்வது உலோகத்தின் விறைப்பு, அதாவது வளைய மறுக்கும் குணம். அது எல்லா எஃகுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே.